பற்றாசும் பாடத்திட்டமும்: ‘கிட்’ என்னும் பெட்டியின் வரலாறு

சென்னை ரிச்சி தெருவிலும் மும்பை லேமிங்டன் சாலையிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் தில்லி லஜ்பத் ராய் சந்தையிலும் மின்னணு உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு ‘கிட்’ என்ற சொல் நன்கு பழக்கமானது. ஒரு நெகிழிப் பை; அதனுள் துளையிட்ட பச்சை நிற மின்சுற்றுப் பலகை; 28 கால்கள் கொண்ட ஏடிமெகா328 என்னும் நுண்கட்டுப்படுத்தி; அது அமரும் சாக்கெட்; 16 மெகாஹெர்ட்ஸ் படிகம்; 22 பிக்கோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு; 10 கிலோ ஓம் மின்தடை; 5 வோல்ட் தரும் 7805 சீராக்கி; எரிந்து அணையும் சிறு எல்.இ.டி. விளக்குகள். பையைப் பிரித்து மேசையில் கொட்டினால் உள்ளங்கை அளவுக்குக்கூட வராது.

இதைப் பூட்டுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உயரம் குறைந்த மின்தடைகள் முதலில், பிறகு சாக்கெட், பிறகு படிகமும் சிறு மின்தேக்கிகளும், உயரமான மின்தேக்கிகளும் சீராக்கியும் கடைசியில். பலகையைக் கவிழ்த்துப் பின்புறம் பற்றவைக்கும்போது பாகங்கள் நழுவி விழாமலிருக்க இந்த வரிசை உதவுகிறது. எல்லாம் முடிந்தபின்னும் சில்லைச் சாக்கெட்டில் செருகக் கூடாது. முதலில் மின்சாரம் கொடுத்து, 7ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் உரிய இடங்களில் மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, சில்லின் பள்ளக்குறி சாக்கெட்டின் குறியோடு பொருந்துமாறு அமர்த்த வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பிச் செருகினால் சில்லே பாழாகலாம்.

ஓர் இளைஞர் தம் வீட்டு மேசையில் இதைச் செய்தால் அது கல்வி எனப்படுகிறது. ஒரு பெண் தொழிற்கூடத்தில் இதே செயலைச் செய்தால் அது கூலிவேலை எனப்படுகிறது. தொழிற்பயிற்சி நிலைய மாணவர் செய்தால் அது ‘டிரேடு’. பொறியியல் மாணவருக்கோ அது பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கும் பொழுதுபோக்கு. செய்கை ஒன்றாக இருக்க, அதன் மதிப்பு இத்தனை விதமாகப் பிரிந்தது எவ்வாறு என்பது இந்தியத் தொழில்நுட்பக் கல்வி வரலாற்றில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடக் ‘கிட்’ என்னும் இந்தப் பெட்டி நல்லதொரு தொடக்கம்.

*பற்றாசு*

உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்குத் தமிழில் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல் உண்டு. பொற்கொல்லர் நகையின் இணைப்பில் வெண்காரம் தடவிச் சூடேற்றுவது, உலோகப் பரப்பில் படியும் ஆக்சைடைக் கரைத்துப் பற்றாசு தடையின்றி ஓடுவதற்காக. மின்னணுப் பட்டறையில் அதே வேலையைப் பைன் மரப் பிசின் செய்கிறது. சால்டர் கம்பியின் நடுவே அது மெல்லிய இழையாக நிரப்பப்பட்டிருக்கும். வெண்காரத்தையும் பிசினையும் ஒரே நோக்கத்துக்குப் பயன்படுத்தும் இவ்விரு தொழில்களும் உறவினர்களே.

மின்னணு வேலையில் நெடுங்காலம் கோலோச்சியது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை. அது 183 டிகிரி செல்சியசில் ஒரே வெப்பநிலையில் உருகி, அதே வெப்பநிலையில் உறைகிறது. விகிதம் மாறினால் இடையில் குழைவான நிலை ஒன்று தோன்றும். அப்போது பாகம் அசைந்தால் இணைப்பு கெடும். நல்ல இணைப்பில் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து மிக மெல்லிய சேர்ம அடுக்கு ஒன்று உருவாகிறது. ஆகவே இதை வெறும் பசைபோல ஒட்டுதல் என்று கொள்ள முடியாது. இரண்டு உலோகங்களுக்கிடையே நிகழும் வேதிவினை அது.

இவ்வினை நிகழச் சால்டரைச் சூடேற்றினால் போதாது. பலகையின் செம்பு வளையமும் பாகத்தின் காலும் ஒருசேரச் சூடாக வேண்டும். அயர்னின் நுனியை இரண்டிலும் படுமாறு வைத்து, இரண்டொரு நொடி பொறுத்து, சால்டரை நுனியில் வைக்காமல் இணைப்பில் வைக்க வேண்டும். ஒழுங்காக அமைந்தால் அது கூம்பாகச் சரிந்து பளபளக்கும். சூடு போதாவிட்டால் மங்கிய உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். இதை இந்திய மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்பர். பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து, தட்டினால் இயங்கியும் மறுநாள் இயங்காமலும் ஏமாற்றும் குறை அது. பழைய வானொலிப் பெட்டியின் தலையில் தட்டியதும் அது பாடத் தொடங்கிய அனுபவத்துக்குப் பின்னால் பல வீடுகளில் இருந்தது இந்த டிரை சால்டர்தான்.

சமன்பாட்டில் இக்குறைக்கு இடமில்லை. தாளில் வரைந்த மின்சுற்றில் கோடு சேர்ந்தால் சேர்ந்ததுதான். பலகையில் அப்படியில்லை என்பதைக் கை அறிந்துகொள்கிறது. பற்றவைத்தல் தருவது இந்த அறிவு. வரைபடத்துக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றிய அறிவு.

*போரின் மிச்சங்கள்*

மின்னணுக் ‘கிட்’ ஒரு வணிகப் பண்டமாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் நிறுவனம் முதலில் விமானத்தைப் பாகங்களாக விற்றது. அதன் நிறுவனர் எட்வர்டு ஹீத் 1931இல் விமானச் சோதனைப் பறப்பில் இறந்தார். பின்னர் நிறுவனத்தை வாங்கிய ஹோவர்டு அந்தோணி, போர் முடிந்ததும் இராணுவம் கழித்துத் தள்ளிய உபரி மின்னணுப் பாகங்களைக் கொண்டு 1947இல் ஓர் அலைக்காட்டியைக் கிட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆயத்தக் கருவியை வாங்க இயலாத பலருக்கு அது எட்டும் விலையில் கிடைத்தது.

ஹீத்கிட்டின் வெற்றிக்குக் காரணம் பாகங்கள் மட்டுமன்று. பெட்டியோடு வந்த கையேடு. ஒவ்வொரு கம்பியையும் எவ்வளவு நீளம் வெட்டுவது, எந்த முனையில் செருகுவது, எப்போது பற்றவைப்பது என்று படிப்படியாகச் சொல்லி, ஒவ்வொரு படியின் முன்னும் குறியிட ஓர் இடம் விட்டிருந்தது அது. மின்சுற்று வரைபடமும் உடன் இருந்தது. கருவி பழுதானால் அதைக் கட்டியவரே திறந்து பார்க்க முடிந்தது. 1992 வரை நீடித்த அந்நிறுவனத்தின் கிட் வணிகம் பல்லாயிரம் அமெரிக்கர்களுக்கு வீட்டு மேசையையே ஆய்வகமாக்கியது.

அதே போரின் மிச்சங்கள் கல்கத்தாவிலும் கிடந்தன. 1953இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, சௌமியேந்திர மோகன் போசின் துணையோடு, பத்து மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் ஒப்புமைக் கணினியைக் கட்டினார். அதற்கான பாகங்களில் பல போர்க்கால உபரிப் பொருள்களிலிருந்து வந்தவை. கையேடு அளித்து வழிகாட்ட எவருமில்லாத நிலையில் வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. 1960இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியும் உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. இந்தியக் கணினி வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் கட்டுவதும் சிந்திப்பதும் பிரிந்திருக்கவில்லை என்பதை இங்கே மனத்தில் கொள்வது நல்லது. பிரிவு பின்னால் வந்தது.

*நியூ மெக்சிகோ, 1975*

கிட்டின் வரலாற்றில் 1975ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அவ்வாண்டு ஜனவரி மாதப் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி இடம்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கியில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் நிறுவனம் அதை 397 டாலருக்குக் கிட்டாக அறிவித்தது. உள்ளே இன்டெல் 8080 நுண்செயலி. நினைவகம் 256 பைட்டுகள். விசைப்பலகையும் திரையும் கிடையா. முன்பலகையில் இருந்த விசைகளை மேலும் கீழும் தள்ளி நிரலை உள்ளிட்டு, விளக்குகளைப் பார்த்து விடையை அறிய வேண்டும். வாங்கியவர் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தம் கையால் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஆயினும் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் ஹோம்புரூ கணினி மன்றம் கூடியதற்கு ஆல்டேர் ஒரு தூண்டுகோல். ஏப்ரலில் ஆல்புகெர்க்கியிலேயே மைக்ரோசாஃப்ட் தோன்றியது, இந்தக் கிட்டுக்கு மொழிநிரல் எழுதுவதற்காக. தனிநபர் கணினியின் தோற்றக் கதை பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே சொல்லப்படுகிறது.

அதே மாநிலத்தில், ஆல்புகெர்க்கியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் ஷிப்ராக் என்னும் ஊர் இருக்கிறது. ஃபேர்சைல்டு குறைகடத்தி நிறுவனம் 1965 முதல் அங்கே ஒரு தொழிற்கூடம் நடத்தியது. உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். பெரும்பாலோர் நவாஹோ பெண்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைப்பது அவர்கள் வேலை. 1969இல் நிறுவனம் வெளியிட்ட சிற்றேடு நவாஹோ கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் உருப்பெருக்கப் படத்தையும் ஒப்பிட்டுக் காட்டியது. நெசவு அவர்களின் இரத்தத்தில் ஊறியது. ஆகவே மின்சுற்று வேலையும் இயல்பாக வரும் என்பது அதன் உட்பொருள். லிசா நகமுரா 2014இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தச் சிற்றேட்டை விரிவாக ஆராய்கிறது. பல ஆண்டுப் பயிற்சியால் வரும் திறனை ஓர் இனத்தின் பிறவிக்குணமாக்கிவிட்டால், அதற்குத் திறனுக்குரிய ஊதியம் தர வேண்டியதில்லை. 1975 பிப்ரவரி இறுதியில், ஆட்குறைப்பை எதிர்த்து அமெரிக்க இந்திய இயக்கத்தினர் அத்தொழிற்கூடத்தை ஒரு வாரம்போல் கைப்பற்றி வைத்திருந்தனர். அடுத்த மாதமே நிறுவனம் அதை மூடியது.

ஒரே மாநிலம்; ஒரே பருவம். ஒருபுறம் மின்னணுப் பாகங்களைத் தம் கையால் இணைத்தவர்கள் புதிய யுகத்தின் முன்னோடிகள் ஆனார்கள். மறுபுறம் அவ்வேலையை வாழ்க்கைத் தொழிலாகச் செய்தவர்கள் வேலையிழந்தார்கள். கைத்திறனில் இரண்டாம் தரப்பினர் எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். வேறுபாடு, பொருளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட தாளில் இருந்தது. ஆல்டேர் வாங்கியவரிடம் முழு மின்சுற்று வரைபடமும் இயக்க விளக்கமும் வந்து சேர்ந்தன. ஷிப்ராக் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு நாளின் உற்பத்தி இலக்கு.

*கழன்றுபோன அத்தியாயம்*

இந்தியாவுக்கு நுண்செயலி வந்த வழியைப் பார்க்கும்போது இதே பிரிவு வேறு உருவில் தென்படுகிறது. இன்டெல் 1976இல் 8085 நுண்செயலியை வெளியிட்டது. அதைப் பொறியாளர்கள் கற்றுக்கொள்வதற்காக எஸ்.டி.கே.-85 என்ற கிட்டையும் விற்றது. 2 கிலோபைட் கண்காணிப்பு நிரல், 256 பைட் நினைவகம், 24 விசைகள், ஆறு இலக்கக் காட்சி ஆகியவை கொண்ட ஒற்றைப் பலகைக் கணினி அது. வெற்றுப் பலகையும் பாகங்களுமாகவே வந்தது. அதன் கையேட்டில் கட்டளைத் தொகுதியைப் பற்றிய விளக்கத்துக்கு முன்பாகவே, கிட்டை எவ்வாறு பூட்டிப் பற்றவைப்பது என்று ஓர் அத்தியாயம் இருந்தது.

1980களில் இந்தியப் பொறியியல் கல்லூரிகள் நுண்செயலி ஆய்வகங்களை அமைத்தன. எஸ்.டி.கே.-85இன் அமைப்பைத் தழுவிய ‘டிரெய்னர் கிட்’டுகளை உள்நாட்டு நிறுவனங்களே தயாரித்தன. இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையும் நிலவிய காலத்தில் அது சிறிய சாதனையன்று. 1984இல் வெளிவந்த ரமேஷ் கோன்கரின் 8085 பாடநூல் இந்திய வகுப்பறைகளில் நிலைபெற்றது. இலட்சக்கணக்கான மாணவர்கள் அசெம்பிளி மொழியை இவ்வழியாகவே கற்றனர்.

ஆனால் பயணத்தில் ஓர் அத்தியாயம் கழன்றுபோயிற்று. கல்லூரிக்கு வந்த ‘கிட்’ முழுவதும் பூட்டி முடிக்கப்பட்டு, பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள் அடக்கப்பட்டு வந்தது. பெயரில் மட்டுமே அது கிட். மாணவர் செய்ய வேண்டியது பதினாறடி எண்களை விசைப்பலகையில் தட்டுவது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆய்வகக் குறிப்பேடுகளில் நிரல் பெரும்பாலும் 4100 என்ற முகவரியில் தொடங்கும். இரண்டு எட்டுபிட்டு எண்களின் கூட்டல், ஏறுவரிசை, இறங்குவரிசை, போக்குவரத்து விளக்கு, ஸ்டெப்பர் மோட்டார் என்று பட்டியல் ஓடும். நிரலை உள்ளிட்டுக் குறித்த முகவரியில் விடையைக் கண்டால் மதிப்பெண். பலகை இயங்காவிட்டால் மாணவர் பக்கத்து மேசைக்கு மாறுவார். பழுதான பலகையைப் பின்னறைக்கு எடுத்துச் சென்று சரிசெய்பவர் ஆய்வக உதவியாளர். பட்டம் பெறுபவர் ஒருவர், பலகையின் உள்ளே அறிந்தவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு யாரும் திட்டமிடாமலே நிலைபெற்றது.

யாரும் திட்டமிடவில்லை என்றாலும், அதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ என்ற நூல், காலனியக் காலத்தில் தொழில்நுட்பக் கல்வி இரு கிளைகளாகப் பிரிந்ததை விளக்குகிறது. கைவினைச் சாதிகளுக்குத் தொழிற்பள்ளிகள். உயர்சாதியினர் நிரம்பிய பொறியியல் கல்லூரிகளுக்கு வகுப்பறைக் கோட்பாடு. விடுதலைக்குப் பின் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஐ.டி.ஐ.கள் வளர்ந்தன, உயர்கல்வியின் உச்சியில் ஐ.ஐ.டி.கள் எழுந்தன. மின்னணுத் துறையிலும் கோடு அவ்வாறே விழுந்தது. ஐ.டி.ஐ.யின் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவில் பற்றவைத்தல் தேர்வுக்குரிய திறன். பொறியியல் பட்டப்படிப்பில் அது முதலாண்டுப் பணிமனையில் ஓரிரு வகுப்புகளோடு முடிந்துவிடும் சடங்கு.

இப்பிரிவை உடைக்க முயற்சிகள் இல்லாமலில்லை. 1937 வார்தா மாநாட்டில் உருப்பெற்ற காந்தியின் ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் மையத்தில் வைக்கக் கோரியது. 1964–66 கோத்தாரி ஆணையம் ‘பணி அனுபவம்’ என்றது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், மலிவான பொருள்கள் அடங்கிய கிட்டைக் கிராமத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, விடையை அவர்களே கண்டுபிடிக்க விட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. இம்மூன்றும் பள்ளிக்கல்வியில் நிகழ்ந்தவை. பொறியியல் ஆய்வகத்தின் வாசலை அவை தொடவில்லை.

*கிட்டின் இன்னொரு பொருள்*

இதற்கிடையில் இந்தியப் பொருளாதாரப் பேச்சில் ‘கிட்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் ஏறியது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமானபோது, அயல்நாட்டிலிருந்து பாகத் தொகுதிகளை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்க அரசு இடம்கொடுத்தது. அவ்வகைத் தொழில் பரவியதும் விமர்சகர்கள் அதற்கு ‘ஸ்க்ரூடிரைவர் தொழில்நுட்பம்’ என்று பெயர் வைத்தனர். திருகாணியை முடுக்குவதைத் தவிர இங்கே வேறு அறிவு எதுவும் வளரவில்லை என்பது குற்றச்சாட்டு. 2020இல் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டுச் செல்பேசிப் பூட்டும் ஆலைகள் பெருகியபோதும் இதே விவாதம் மீண்டும் எழுந்தது.

விமர்சனத்தில் நியாயம் உண்டு. வடிவமைப்பு வேறெங்கோ இருக்க, பூட்டுவது மட்டும் இங்கே நடந்தால் மதிப்பின் பெரும்பகுதி வெளியே போகும். ஆயினும் அந்த வாதத்தின் ஓரத்தில் ஒரு பழைய இளக்காரமும் ஒளிந்திருக்கிறது: கையால் பூட்டுவதில் அறிவே இல்லை என்னும் எண்ணம். 1973இல் மும்பையில் அமைக்கப்பட்ட சீப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தின் மின்னணு ஆலைகளில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். டயேன் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் உலகெங்கும் உள்ள இத்தகைய ஆலைகளை முன்வைத்து எழுதிய கட்டுரை, ‘மென்விரல்’ என்பது பிறப்பில் வருவதன்று, வீட்டில் சிறுவயது முதல் தையலிலும் பிற வேலைகளிலும் பெறும் பயிற்சி என்று வாதிட்டது. பயிற்சி வீட்டுக்குள் நடப்பதால் அது கண்ணில் படாமல் போகிறது. கண்ணில் படாததால் திறனற்ற உழைப்பு என்று கணக்கில் ஏறுகிறது. ஷிப்ராக் சிற்றேட்டின் தர்க்கமும் இதுவே.

பிரேசிலோ கொரியாவோ பூட்டுவதிலிருந்து வடிவமைப்புக்கு எவ்வளவு தூரம் நகர்ந்தன என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கே பொருந்தும் கேள்வி எளியது: பூட்டுபவரின் கையில் வரைபடம் இருந்ததா? இருந்தால் பூட்டுவதே கல்வியின் முதற்படி ஆகிறது. இல்லாவிட்டால் நாற்பது ஆண்டுகள் பூட்டினாலும் அது கூலிவேலையாகவே நிற்கிறது.

*திரும்பி வந்த கிட்*

மேசைமேல் கொட்டப்பட்ட இன்றைய கிட்டுக்கு இப்போது திரும்பலாம். நுண்செயலி இயங்க நினைவகம், உள்ளீட்டுச் சில்லுகள் எனப் பல துணைகள் வேண்டும். நுண்கட்டுப்படுத்தி அவற்றையெல்லாம் ஒரே சில்லில் அடக்கியது. இன்டெல் 1976இல் 8048ஐயும் 1980இல் 8051ஐயும் கொண்டுவந்தது. 8051இல் 4 கிலோபைட் நிரல் நினைவகம், 128 பைட் தரவு நினைவகம், 32 உள்ளீட்டு வெளியீட்டுக் கால்கள் இருந்தன. 1990களில் மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய நினைவகம் சில்லுக்குள் வந்தபின், தவறான நிரலை அழிக்கப் புற ஊதாவிளக்கின் கீழ் காத்திருக்கும் தேவை நீங்கியது. நார்வேயின் திரோன்ஹெய்ம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்டு வொல்லன் என்ற இரு மாணவர்கள் வகுத்த கட்டமைப்பு ஏ.வி.ஆர். சில்லுகளாக விரிந்தது. இத்தாலியின் இவ்ரியா நகர வடிவமைப்புக் கல்லூரியில் கொலம்பியரான ஹெர்னாண்டோ பர்ரகான் 2003இல் தம் முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கிய ‘வயரிங்’ தளத்தின் வழியே, 2005இல் ஆர்டுயினோ பிறந்தது. அதன் பலகை வரைபடம் எல்லார்க்கும் திறந்திருந்தது. ஹீத்கிட்டோடு போய்விட்டதாக எண்ணப்பட்ட தாள் இவ்வாறு திரும்பி வந்தது.

இந்திய மாணவர்களில் பலர் மின்சுற்றை முதன்முதலாகத் தம் விருப்பப்படி அமைத்தது ஆர்டுயினோ வழியாகத்தான். 1969 முதல் தில்லியிலிருந்து வெளிவரும் ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழ் பல பத்தாண்டுகள் காத்துவந்த பொழுதுபோக்கு மரபுக்கு அது புதிய வாழ்வளித்தது. 2016இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பத்தாயிரம் பள்ளிகளை எட்டியுள்ளன. 2025 நிதிநிலை அறிக்கை மேலும் 50,000 ஆய்வகங்களை அறிவித்தது. திருவனந்தபுரம் சி-டாக் மையத்தின் வேகா திட்டம் தேஜஸ்32 என்ற உள்நாட்டு நுண்கட்டுப்படுத்தியையும் அதற்கான ஏரீஸ் பலகைகளையும் தந்துள்ளது, சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலித் திட்டமும் நடந்து வருகிறது.

ஆனால் இப்புதிய கிட்டுகளில் பெரும்பாலானவை மீண்டும் பூட்டி முடிக்கப்பட்டே வருகின்றன. செருகு கம்பியும் பிரெட்போர்டும் போதும். குழந்தைகளின் பாதுகாப்பு ஒரு காரணம். தொழில்நுட்ப மாற்றம் இன்னொன்று. இன்றைய ஆலைகளில் மணல்மணி அளவுப் பாகங்களை இயந்திரம் எடுத்து வைக்கிறது, அடுப்பு பற்றவைக்கிறது. அப்படியிருக்கத் துளையில் செருகிக் கையால் பற்றவைக்கும் பழைய முறையை மாணவருக்கு ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று.

அதற்கான விடை, ரிச்சி தெருவிலும் லேமிங்டன் சாலையிலும் செல்பேசி பழுதுபார்க்கும் சிறு கடைகளில் கிடைக்கிறது. நுண்ணோக்கியும் ஹாட் ஏர் கருவியும் கொண்டு, நூற்றுக்கணக்கான புள்ளிகளில் ஒட்டியிருக்கும் சில்லை அடியோடு எடுத்து மாற்றும் வேலையை அங்கே செய்பவர்களில் பலரிடம் பொறியியல் பட்டம் கிடையாது. உற்பத்தியாளர் தர மறுக்கும் வரைபடத்தை அவர்கள் பலகையைத் தொட்டுத் தொட்டே ஊகித்தறிகிறார்கள். 2022இல் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவையும் இணையதளத்தையும் அமைத்ததற்குப் பின்னே இக்கேள்வியே இருக்கிறது: வாங்கியவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் தாளைப் பார்க்கும் உரிமை உண்டா?

*ஒரு மாலை நேரத்தின் விலை*

பற்றவைத்தலைப் புனிதப்படுத்தவும் தேவையில்லை. அதன் புகை நுரையீரலுக்குத் தீங்கானது; பிசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டவல்லது. காரீயம் அந்த வெப்பத்தில் ஆவியாகிப் புகையில் வருவதில்லை. விரலில் ஒட்டிச் சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது. காற்றோட்டமும் கை கழுவும் பழக்கமும் கற்பித்தலின் பகுதி. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகளும் அதைப் பின்பற்றின. காரீயமற்ற சால்டர் 217 டிகிரிக்கு மேல் உருகும், கைக்குச் சற்றுக் கடினம், ஆனால் பழகக்கூடியது.

செலவும் பெரிதன்று. ஒரு பொறியியல் மாணவர் தம் நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டு ஒரு பலகையைத் தாமே பூட்டினால், அவருக்கு டிரை சால்டர் என்னவென்று தெரிந்துவிடும். 7ஆம் காலில் 5 வோல்ட் வராதபோது பக்கத்து மேசைக்கு மாறாமல், சீராக்கியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர்ந்து குறையைக் கண்டுபிடிப்பார். பின்னறையில் இருக்கும் ஆய்வக உதவியாளர் அன்று ஆசிரியராவார். அவருக்கு அந்தப் பெயரும் ஊதியமும் தரப்பட வேண்டும் என்ற எண்ணமும் அம்மேசையிலிருந்தே தொடங்கலாம். அதே நேர்மையோடு, ஐ.டி.ஐ. மாணவரின் கையில் அயர்னோடு சேர்த்து முழு வரைபடமும் அதை வாசிக்கும் கணிதமும் தரப்பட வேண்டும். ஆலைப் பெண்ணின் மேசையிலும் அத்தாள் இருக்க வேண்டும்.

எஸ்.டி.கே.-85 கையேட்டிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் கழன்று விழுந்த அத்தியாயம் சில பக்கங்களே. அதைத் திரும்பச் சேர்க்கப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. அடுத்த பருவத்தின் ஆய்வகப் பட்டியலில், 4100இல் தொடங்கும் முதல் பயிற்சிக்கு முன்னால், பூட்டப்படாத ஒரு பலகையை வைத்தால் போதும்.